சிபி பிள்ளைக்கு வீட்டிலேயே தீவிர ஓடி (OT) பயிற்சி கொடுக்க முடியுமா?

மலேசியாவின் பட்டர்வொர்த்தில் இருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகனுக்கு நான்கு வயது. செரிப்ரல் பால்சி, அதாவது பெருமூளை வாதம் (சிபி), வலது பக்கம் பாதிப்பு. நடக்கிறான், ஓடக்கூடச் செய்கிறான். ஆனால் வலது கையை மடக்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் இடது கையாலேயே முடித்துவிடுகிறான். அரசு மருத்துவமனையில் ஓடி, அதாவது தொழில்வழிச் சிகிச்சை, சந்திப்பு ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறைதான், அதுவும் அரை மணி நேரம். ஒரு தனியார் மையம் மூன்று வாரத் தீவிரப் பயிற்சிக்கு எட்டாயிரம் வெள்ளி (ரிங்கிட்) சொல்லியிருக்கிறது. இவருக்குப் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை, கணவர் லோரி ஓட்டுகிறார், பகலில் பிள்ளையோடு இருப்பது மாமியார். அதே மாதிரிப் பயிற்சியை வீட்டிலேயே கொடுக்கலாமா, எத்தனை மணி நேரம், என்னதான் செய்வது என்று கேட்கிறார்.

தங்கச்சி, கொடுக்கலாம். பலன் கிடைக்கும், அதற்கு நல்ல ஆதாரமும் இருக்கிறது. நான் கோலாலம்பூரில் பல வருஷமாகப் பிள்ளைகளுக்கான ஓடியாக (தொழில்வழிச் சிகிச்சையாளராக) வேலை செய்கிறேன். அந்த எட்டாயிரத்தைக் கடன் வாங்கிக் கட்ட வேண்டாம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பணம் கையில் சும்மா இருந்தால் அது வேறு பேச்சு.

2009-இல் ஆஸ்திரேலியாவில் ஐயோனா நோவாக் குழுவினர் 36 சிபி பிள்ளைகளை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். பெற்றோரோடு உட்கார்ந்து இலக்கைத் தேர்ந்தெடுத்து, வீட்டில் செய்ய வேண்டியதைக் கற்றுக்கொடுத்து, எட்டு வாரம் பார்த்தார்கள். பெற்றோர் உண்மையில் செய்தது சராசரியாக மாதத்துக்கு 17.5 முறை, ஒரு தடவைக்கு 16.5 நிமிடம். அவ்வளவுதான். அதற்கே, வீட்டுப் பயிற்சி இல்லாத பிள்ளைகளைவிட அவர்கள் அன்றாடக் காரியங்களில் தெளிவாக முன்னேறியிருந்தார்கள். இதைவிடக் கடுமையாகச் செய்து பார்த்தது நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில், கிளாடியோ ஃபெரேவும் ஆண்ட்ரூ கார்டனும் இருந்த குழு, 2017-இல் வெளியானது. உங்கள் மகனைப் போல ஒரு பக்கம் பாதித்த சின்னப் பிள்ளைகள். அம்மா அப்பாதான் பயிற்சி கொடுத்தார்கள், நாளுக்கு இரண்டு மணி நேரம், வாரத்துக்கு ஐந்து நாள், ஒன்பது வாரம், மொத்தம் 90 மணி நேரம். நிபுணர்கள் முதலில் பெற்றோரைப் பழக்கிவிட்டு அப்புறம் இணையக் கேமரா வழியாகக் கூட இருந்து திருத்தினார்கள். பிள்ளைகளின் கை லாவகம் கூடியது, குடும்பம் தேர்ந்தெடுத்த காரியங்களும் கைவந்தன.

எவ்வளவு நேரம் போதும் என்பதற்கு 2020-இல் மிஷெல் ஜாக்மன் குழுவினர் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துச் சொன்ன அளவைத்தான் நான் பெற்றோரிடம் சொல்கிறேன். குறிப்பிட்ட ஓர் இலக்கை எட்ட மொத்தம் 14 முதல் 25 மணி நேரம். கையின் பொதுவான திறனே கூட வேண்டும் என்றால் 30 முதல் 40 மணி நேரம். இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒன்றரை மாதத்துக்கு அரை மணி நேரம் என்றால் ஒரு வருஷத்துக்கு நாலரை மணி நேரம்கூடத் தேறாது. அந்தச் சந்திப்பில் ஓடி எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் பிள்ளையின் கை மாறாது, நேரம் அவ்வளவு குறைவு. வீட்டில் முக்கால் மணி நேரம், வாரம் ஐந்து நாள், ஆறு வாரம் செய்தால் 22 மணி நேரம் தாண்டிவிடும். மருத்துவமனைச் சந்திப்பை நீங்கள் பழகிக்கொள்ளும் நேரமாக வைத்துக்கொள்ளுங்கள், மகனுக்கான பயிற்சி வீட்டில் நடக்கட்டும்.

ஆனால் எந்த நேரத்தை இந்தக் கணக்கில் சேர்ப்பது? பல வீடுகளில் ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் உழைக்கிறார்கள், ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் கை அப்படியே இருக்கிறது. காரணம், அந்த இரண்டு மணி நேரமும் உழைத்தது பெரியவர்கள். பாயில் படுக்கவைத்து விரலை விரித்துவிடுவது, முழங்கையை நீட்டிவிடுவது, எண்ணெய் தேய்த்து உருவிவிடுவது. பிள்ளை டிவி பார்த்துக்கொண்டு கிடப்பான். கையை இன்னொருவர் அசைத்தால் மூளை எதையும் கற்றுக்கொள்வதில்லை. பிள்ளை தானே ஒன்றைச் செய்ய நினைத்து, முயன்று, தவறவிட்டு, மறுபடி முயலும் நேரம்தான் கணக்கில் சேரும். கையால் இழுத்துவிடும் நீட்சிப் பயிற்சியின் தளர்வு நீடிப்பதும் இல்லை. இறுக்கம் அதிகமானால் அதற்கு தசையைத் தளர்த்தும் போட்டாக்ஸ் ஊசி, மாவுக்கட்டு, கையைச் சரியான நிலையில் பிடித்து வைக்கும் ஸ்பிளிண்ட் என்று வேறு வழிகள் இருக்கின்றன, டாக்டரோடு பேச வேண்டிய விஷயம். பாட்டி எண்ணெய் தேய்த்துவிடுவதை நிறுத்தச் சொல்லவில்லை. பிள்ளைக்குச் சுகமாக இருக்கும், பாட்டிக்கும் ஓர் ஆறுதல், தாராளமாகச் செய்யட்டும். அதைப் பயிற்சி நேரத்தில் சேர்க்காதீர்கள்.

அடுத்தது இலக்கு. “வலது கை நல்லா வரணும்” என்பதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. ஒரு நாளில் எங்கே மாட்டிக்கொள்கிறான், எங்கே நீங்கள் போய் முடித்துக்கொடுக்க வேண்டியிருக்கிறது, அவனே எதைச் செய்ய ஆசைப்படுகிறான் என்று பாருங்கள். நான்கு வயதுப் பிள்ளை தெளிவாகவே சொல்வான். இரண்டே இரண்டு எடுங்கள். பாலர் பள்ளிக்குப் போகப் போகிறான் என்று எழுதியிருந்தீர்கள், அதனால் கழிவறையில் சிலுவாரை (கால்சட்டையை) தானே இறக்கி ஏற்றுவது ஒன்று. இன்னொன்று அவன் விருப்பப்படி, பிஸ்கட் டின்னைத் திறப்பதாகவும் இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் இப்போது எப்படிச் செய்கிறான் என்று ஒன்றிலிருந்து பத்துக்குள் நீங்களே ஒரு மதிப்பெண் போட்டு எழுதி வையுங்கள். ஓடிகள் சிஓபிஎம் என்ற மதிப்பீட்டு முறையில் இதைத்தான் செய்கிறோம், அதில் இரண்டு புள்ளி ஏறினாலே நல்ல முன்னேற்றம்.

சரி, சாப்பாட்டு விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கேள்வியில் ஒரு வரி இருந்தது: “இடது கையால் சாப்பிட்டால் மாமி கையைத் தட்டிவிடுகிறார், தினமும் அழுகை.” நம் குடும்பங்களில் வலது பக்கம் பாதித்த பிள்ளைகள் பலருக்கும் இது நடக்கிறது, இடது பக்கம் பாதித்த பிள்ளைகளுக்கு இந்தத் துன்பம் இல்லை. பாட்டியின் மனசு எனக்குப் புரிகிறது. நாளைக்கு ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் பேரன் இடது கையால் சோற்றைப் பிசைந்தால் நாலு பேர் பேசுவார்கள், கோயிலில் திருநீற்றுக்கு இடது கையை நீட்டினால் முகம் சுளிப்பார்கள் என்று பயப்படுகிறார். ஆனால் அவனுடைய மூளையில் வலது கையை நடத்தும் பகுதிதான் அடிபட்டிருக்கிறது. இடது கைதான் அவனுடைய எழுதும் கை, சாப்பிடும் கை, அது இனி மாறப் போவதில்லை. எந்தப் பயிற்சியும் வலது கையை முதன்மைக் கையாக மாற்றாது. அதை ஒரு நல்ல துணைக் கையாக ஆக்குவதுதான் நம் வேலை, அதுவே பெரிய காரியம், ஏனென்றால் வாழ்க்கையில் பாதி வேலைக்கு இரண்டு கை வேண்டும். ஆகவே பசியாறும்போது தோசையை இடது கையால் பிய்த்துச் சாப்பிடட்டும், வலது கை தட்டைப் பிடித்துக்கொள்ளட்டும். தட்டு நகராமல் பிடிக்க வேண்டும் என்ற அவசியமே வலது கைக்கு ஒரு வேலையைக் கொடுத்துவிடுகிறது. சாப்பாட்டு நேரத்தில் சண்டை வைத்தால் அவன் சாப்பிடுவதையும் வெறுப்பான், அந்தக் கையையும் வெறுப்பான். கோயிலில் இரண்டு கையையும் சேர்த்து ஏந்தி வாங்கச் சொல்லுங்கள். அது மரியாதைக்கு மரியாதை, இரண்டு கைக்கான பயிற்சியும் கூட. பாட்டியிடம் இதை நீங்கள் சொன்னால் மருமகள் வாதாடுவது போல ஆகிவிடும். அடுத்த சந்திப்புக்கு அவரையும் கூட்டிப்போய் ஓடி வாயால் சொல்ல வையுங்கள்.

இப்போது சிலுவார். இதை ஒரே காரியமாக, முழுசாக, உண்மையாகத் தேவைப்படும் இடத்தில் பழக்க வேண்டும். துணி மாட்டும் பெக்கைக் கயிற்றில் மாட்டிப் பழகினால் பெக் மாட்டத்தான் வரும், சிலுவார் ஏறாது. இடுப்பில் எலாஸ்டிக் வைத்த, ஒரு சைஸ் பெரிய சிலுவாராக எடுங்கள். வலது பக்க இடுப்புப் பட்டையில் உள்பக்கமாக ஒரு துணி வளையம் தைத்துவிடுங்கள், அவனுடைய இரண்டு விரல் நுழையும் அளவுக்கு. பாதம் தரையில் முழுசாகப் படுகிற உயரத்தில் ஒரு முக்காலி, பின்னால் சுவர். உட்கார்ந்தபடி வலது காலை முதலில் நுழைக்க வேண்டும், அப்புறம் இடது. சட்டைக்கும் இதே முறைதான், பாதித்த கை முதலில் உள்ளே போகும், கழற்றும்போது கடைசியில் வெளியே வரும். முட்டிவரை ஏற்றியதும் சுவரில் சாய்ந்து எழுந்து நிற்கட்டும். இடது கை ஒரு பக்கம் இழுக்கும், வலது விரல்கள் வளையத்தில் மாட்டி மறுபக்கம் இழுக்கும். முதல் சில நாள் வலது பக்கம் பாதியில் நின்றுவிடும், சிலுவார் கோணலாக இருக்கும். உடனே போய்ச் சரிசெய்யாதீர்கள். “எந்தப் பக்கம் கீழே இருக்கு?” என்று கேளுங்கள், அவன் குனிந்து பார்க்கட்டும், அவனே ஒரு வழி கண்டுபிடிக்கட்டும். நீங்கள் சொல்லிக்கொடுத்த வழியைவிட அவன் கண்டுபிடித்தது அவனிடம் தங்கும். பத்தில் ஏழெட்டு முறை வந்துவிட்டது என்றால் கொஞ்சம் கடினமாக்குங்கள், வளையத்தைச் சின்னதாக்கி, பிறகு எடுத்துவிட்டு, பிறகு பள்ளிச் சீருடையின் கெட்டித் துணிக்கு மாறி. பத்தில் மூன்றுகூட வரவில்லை என்றால் நீங்கள் வைத்த படி உயரம், இறக்குங்கள்.

மற்ற விளையாட்டுகளிலும் இதே ஏற்பாடுதான். “வலது கையைப் போடு, வலது கையைப் போடு” என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தால் பிள்ளைக்குக் காது மரத்துவிடும். வாய் திறக்காமலே வலது கை வந்தாக வேண்டிய மாதிரிப் பொருளைக் கொடுங்கள். மைலோ டின் மூடியை ஒற்றைக் கையால் திறக்க முடியாது. முதலில் வலது முன்கையால் டின்னை நெஞ்சோடு அணைத்துக்கொள்வான், சரி, அது போதும். சில வாரத்தில் சின்ன டின் கொடுங்கள், உள்ளங்கையால் பிடிக்க வேண்டியிருக்கும். ஆரஞ்சு உரிப்பது, ஸ்டிக்கர் பிய்ப்பது, மாவு உருட்டுவது, சப்பாத்திக் கட்டையைத் தள்ளுவது, காய்கறிப் பையின் முடிச்சை அவிழ்ப்பது. பல்லாங்குழியோ, அது மாதிரியான மலாய் ஆட்டமான சொங்காக்கோ வீட்டில் இருந்தால் அருமை, ஒரு கை சோழியைக் கிண்ணம் மாதிரி ஏந்தி வைத்திருக்க மறு கை போடும். ஆட்டம் பாதி போனதும் கைகளின் வேலையை மாற்றிக்கொள்ளலாம். இந்தப் பிள்ளைகள் பலருக்குப் பாதித்த கையில் தொடு உணர்வும் மந்தமாக இருக்கும், அதனால் அரிசி டப்பாவுக்குள் சின்னப் பொம்மைகளைப் புதைத்துக் கண்ணை மூடிக்கொண்டு வலது கையால் தேடச் சொல்லுங்கள். சூடான தம்ளரை அந்தக் கையில் கொடுக்கும்போது நீங்களும் ஜாக்கிரதையாக இருங்கள்.

நல்ல கையைக் கட்டிப்போட்டுப் பாதித்த கையை வேலை வாங்கும் முறை பற்றியும் கேட்டிருந்தீர்கள். அது சிஐஎம்டி. எட்வர்ட் டௌப் என்ற ஆய்வாளரின் வேலையிலிருந்து வந்தது, முதலில் பக்கவாதம் வந்த பெரியவர்களுக்குப் பயன்பட்டது, பிள்ளைகளுக்கும் நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் இரண்டு கைப் பயிற்சிக்கும் அதே அளவு மணி நேரம் கொடுத்தால் பலன் ஏறக்குறைய சமம்தான். வீட்டில், பாட்டி நடத்தும் பயிற்சிக்கு, நான் இரண்டு கைப் பயிற்சியைத்தான் சொல்வேன். நல்ல கையைக் கட்டக் கையுறை போட்டால் சில பிள்ளைகள் நொந்துபோவார்கள், விழும்போது ஊன்றிக்கொள்ள நல்ல கையும் இருக்காது. செய்தே ஆக வேண்டும் என்றால் உட்கார்ந்து விளையாடும் நேரத்தில் மட்டும், ஓடி சொன்ன முறைப்படி. தூங்கும்போதோ படி ஏறும்போதோ வேண்டவே வேண்டாம். கைக்குழந்தைக்கு உங்கள் யோசனைப்படி எதையும் கட்டாதீர்கள்.

உங்கள் வீட்டு நேரத்துக்கு வருவோம். முக்கால் மணி நேரத்தை ஒரே இருப்பில் கொடுக்க வேண்டியதில்லை. நான்கு வயதுப் பிள்ளை பதினைந்து நிமிஷம் நிலையாக உட்கார்ந்தாலே நல்லது. காலை உடுத்தும்போது ஒரு பங்கு, பாட்டி சமைக்கும் நேரத்தில் அடுக்களை மேசையில் ஒரு பங்கு, மாலை குளித்து உடுத்தும்போது ஒரு பங்கு. நீங்கள் இரவு ஷிப்ட் வாரத்தில் இருந்தால் பயிற்சியைத் தொடாதீர்கள், தூங்குங்கள். அந்த வாரம் பாட்டியும் அப்பாவும் செய்வதைச் செய்யட்டும், நாலு நாள்தான் நடந்தது என்றால் நாலு நாள். லோரி ஓட்டும் அப்பாவுக்கு ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குக் கூட்டிப்போகும் வேலையைக் கொடுங்கள், பையை இரண்டு கையால் திறந்து பிடிப்பது மகன் பொறுப்பு. ஆறு அல்லது எட்டு வாரம் முடிந்ததும் நிறுத்திவிடுங்கள். நிஜமாகவே நிறுத்துங்கள். ஒரு மாதம் எல்லோரும் சும்மா இருந்துவிட்டு, அவன் வளர வளர வரும் அடுத்த தேவைக்கு இன்னொரு சுற்று. வருஷம் முழுக்க ஓயாமல் பயிற்சி கொடுக்கும் வீட்டில் அம்மா என்று ஒருவர் இல்லாமல் போய்விடுகிறார், பிள்ளைக்கு எந்நேரமும் ஒரு டீச்சர்தான் இருக்கிறார். பயிற்சி இல்லாத நேரத்தில் அவன் இடது கையாலேயே எல்லாவற்றையும் செய்தால் செய்யட்டும்.

இதையெல்லாம் படிக்கும் மற்ற பெற்றோருக்கு ஒரு வார்த்தை. மேலே சொன்னது ஒரு பக்கம் பாதித்து, நடக்கிற பிள்ளைக்கு. கை கால் நான்கும் பாதித்து, தலை நிற்காத பிள்ளைக்கு இதையே எடுத்துச் செய்யக் கூடாது. அங்கே முதலில் வேண்டியது சரியான இருக்கை, புரையேறாமல் சாப்பாடு ஊட்டும் முறை, வலி இல்லாத தூக்கம், தனக்கு வேண்டியதைக் காட்ட ஒரு வழி. இலக்கும் அதற்கு ஏற்ப இருக்கும், ஒரு பட்டனைத் தட்டிப் பாட்டு போடுவது போல. இடுப்பு எக்ஸ்ரேயையும் மறக்காதீர்கள்; சிபி பிள்ளைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இடுப்பு மூட்டு விலகுகிறது, நடக்காத பிள்ளைகளுக்கு ஆபத்து இன்னும் அதிகம், ஆரம்பத்தில் வலியே தெரியாது. அப்புறம், அழுத்த ஆக்சிஜன் அறைக்குள் உட்காரவைக்கும் சிகிச்சையை யாராவது விற்றால் வாங்காதீர்கள். சிபிக்கு அது பலன் தருவதில்லை என்று ஆராய்ந்து பார்த்தே முடிவாகிவிட்டது.

அந்தத் தனியார் மையத்துக்கு ஒரு முறை போய்ப் பாருங்கள், தவறில்லை. மூன்று வாரத்தில் மொத்தம் எத்தனை மணி நேரம், அதில் பிள்ளை தானே கையால் வேலை செய்வது எவ்வளவு, இலக்கை யார் தேர்ந்தெடுப்பது, உங்களை உள்ளே உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பார்களா என்று கேளுங்கள். பெற்றோர் வெளியே காத்திருக்க வேண்டும் என்றால் எனக்கு அந்த இடம் சரிப்படாது. பயிற்சி கொடுப்பவர் 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இணை சுகாதாரத் தொழில் மன்றத்தில் பதிந்தவரா என்பதையும் கேட்கலாம், பதிந்தவர் கோபப்பட மாட்டார். அதே பணத்தில் ஒரு சின்னப் பங்கை எடுத்து, பதிந்த ஓடி ஒருவரை இந்த எட்டு வாரத்துக்குள் மூன்று நான்கு முறை வீட்டுக்கு வரவழைத்தால் உங்களுக்கு அதிகம் கிடைக்கும். பாட்டி செய்வதை நேரில் பார்த்துத் திருத்துவார், உங்கள் வீட்டு முக்காலியின் உயரத்தைப் பார்ப்பார். தீவுப் பக்கம் பினாங்கு ஸ்பாஸ்டிக் சிறுவர் சங்கம் இருக்கிறது, கோலாலம்பூர் பக்கத்தவர்களுக்குப் பெட்டாலிங் ஜெயாவில் ஸ்பாஸ்டிக் மையம். சமூக நல இலாகாவின் பிடிகே மையம் (சமூகத்திலேயே நடக்கும் மறுவாழ்வு மையம்) உங்கள் வட்டாரத்தில் எங்கே என்றும் விசாரியுங்கள். ஓகேயூ (மாற்றுத்திறனாளி) அட்டை இன்னும் எடுக்கவில்லை என்றால், டாக்டர் உறுதிப்படுத்தும் பாரத்தோடு அதே இலாகாவில் விண்ணப்பிக்க வேண்டும். பள்ளிக்கு முன்பே எடுத்துவிடுவது நல்லது.

தொடங்கும் நாளில் அவன் சிலுவார் போடுவதையும் டின் திறப்பதையும் போனில் படம் பிடித்து வையுங்கள், கை இரண்டும் தெரிகிற மாதிரி, நீங்கள் உதவாமல். மூன்றாவது வாரம் அதே இடத்தில், அதே சிலுவாரோடு இன்னொரு தடவை. தினமும் பார்க்கும் கண்ணுக்கு மாற்றம் தெரியாது, வீடியோவில் தெரியும். மூன்று வாரம் ஒழுங்காகச் செய்தும் ஒரு மாற்றமும் இல்லை என்றால் இன்னும் அதிக மணி நேரம் போடாதீர்கள். இலக்கு பெரிதாக இருக்கலாம், கட்டை விரல் உள்ளங்கைக்குள் மடங்கியே கிடப்பதால் பிடிமானம் வராமல் இருக்கலாம், வலது பக்கப் பார்வை குறைவாக இருந்து பொருளையே கவனிக்காமல் இருக்கலாம். இரண்டு வீடியோவையும் அடுத்த சந்திப்பில் ஓடியிடம் காட்டுங்கள். ஸ்பிளிண்ட் வேண்டுமா, போட்டாக்ஸ் பற்றி டாக்டரிடம் அனுப்ப வேண்டுமா என்று நேராகக் கேளுங்கள். போட்டாக்ஸ் போடுவதாக முடிவானால் அடுத்த பயிற்சிச் சுற்றை ஊசிக்குப் பிறகு வரும் வாரங்களில் வைத்துக்கொள்ளுங்கள், தசை தளர்ந்திருக்கும் அந்த நேரத்தில் செய்யும் பயிற்சிக்குத்தான் பலன் அதிகம்.